காரியம் முடிந்தவர்

ஒரு பிடி மண் கொண்டு வா என்று மட்டும்தான் அப்பா சொன்னார். நானும் மண்ணோடு நிறுத்தியிருக்கலாம். உனக்கு வாய் சும்மா இருக்காது என்று கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் சொல்வது சரிதான் என்று ஒப்புக்கொள்ள இப்படி ஒரு நாள் வந்திருக்க வேண்டாம்.

அப்பாவின் அப்பாவை எங்கள் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில் அப்பாரு என்போம். என் அப்பாரு, வாய்க்கால் தண்ணீர் முறைக்காகத் தன் அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, உடுத்திய வேட்டியோடு வீட்டை விட்டுப் போனவர். அப்பா அப்போது தொட்டிலில் கிடந்தார். அப்பாரு இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாகப் பின்னால் பேச்சு வந்தது. பல வருஷம் கழித்து, அதே தோட்டத்தில் மண் சரிந்து பாலக்காட்டு ஆள் ஒருவர் புதைந்து போனதாக ஒரு லாரிக்காரர் வந்து சொன்னார். நேரில் போய்ப் பார்த்து வர ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அண்ணன்காரருக்கு அப்படி என்ன அவசரமோ, ஜோசியரிடம் நாள் குறித்து வாங்கி வந்துவிட்டார். உடல் இல்லாததால் வைக்கோலில் ஓர் உருவம் கட்டி, அப்பாரு விட்டுப்போன பழைய வேட்டியை அதற்குச் சுற்றி எரித்தார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த என் அப்பாவுக்கு மொட்டை அடித்துக் கொள்ளி வைக்கச் சொன்னார்கள். அவருடைய அம்மாவின் தாலியைக் கழற்றி, வெள்ளைச் சேலை கட்டவைத்தார்கள்.

அப்பா அன்றிலிருந்து ஆடி அமாவாசை தவறாமல் ஆற்றுக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டு வருகிறார். எண்பதைத் தாண்டி, முட்டி தேய்ந்து, ஆட்டோவில் ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆனாலும் போகாமல் இருக்க மாட்டார். தை மாதம் கணவரின் சொந்தத்தில் கம்பத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அப்படியே மலையேறி குமுளி வரை போவோம் என்று பேசிக்கொண்டிருந்தபோது அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஊரெல்லாம் அப்பன் சாம்பலக் கரைக்கறாங்க. நான் வைக்கப்புல்லுச் சாம்பலக் கரைச்சவன். அவரு பொதைஞ்ச எடத்துல ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வா கண்ணு. ஆத்துல உட்டனான்னா மனசு ஆறிப்போகும்" என்றார்.

லாரிக்காரர் சொன்ன தோட்டத்தின் பெயரை அப்பா மறக்கவே இல்லை. குமுளியில் கணவர் ஏலக்காய்க் கடை ஒன்று விடாமல் முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரை இழுத்துக்கொண்டு ஜீப் பிடித்தேன். வண்டிப்பெரியாறு தாண்டி, குலுங்கிக் குலுங்கி ஒரு சரிவில் இறங்கியது ஜீப். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் நீள வரிசை வீடுகளை அங்கே லயம் என்கிறார்கள். ஒரு லயத்து வாசலில், கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாள் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். மண் சரிந்த இடம் எது, அதில் செத்த பாலக்காட்டுக்காரரின் பேத்தி நான் என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மண்ணுக்குள்ள போனவுக கல்யாணமே கட்டாதவுகல்லம்மா. பேத்தி எங்கிட்டிருந்து வரும்?" என்றவர், சட்டென்று குரலை இறக்கினார். "ஒங்க தாத்தா வாய்க்காத் தகராறுல ஊரவிட்டு வந்தவுகளா?"

தலையாட்டினேன்.

அவர் என் கையைப் பிடித்து லயத்தின் பின்புறம் கூட்டிப்போனார். நாலு பாத்தி, நடுவில் கல் பதித்த ஒரு சின்ன வாய்க்கால். "இங்க மழைத் தண்ணிக்கா பஞ்சம்? அவுக பாட்டுக்குப் பாத்தி கட்டி, மடை திருப்பிக்கிட்டே இருப்பாக. ஒங்க கூட முறைக்கு யாரு சண்டைக்கு வாராகன்னு எங்கப்பா கேலி பேசுவாரு. ஃபாக்டரியில வேல முடிஞ்சா வீட்ட விட்டுறணும்ல, போக்கிடம் இல்லன்னு எங்க கூடவே வச்சுக்கிட்டோம். அவுக சாகையில எனக்குப் புள்ளையே பொறந்துருச்சு."

மண் சரிவில் செத்தவர் வேறொருவர். என் அப்பாரு அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் இந்தக் குளிரில் அவரைக்காயும் கத்தரியும் போட்டுக்கொண்டு உயிரோடு இருந்திருக்கிறார். கீழே ஊரில் அவர் மனைவி வெள்ளைச் சேலையில் இருந்தார். உயிரோடிருந்த மனுஷன் ஒரு தடவை ஊருக்கு வந்து முகத்தைக் காட்டியிருந்தால் என்ன என்று அந்த அம்மாளிடமே வெடித்துவிட்டேன்.

"போனாகம்மா" என்றார் அவர். "மகனப் பாக்கணும்னு ஒரு தடவ போனாக. மறுநாளே திரும்பி வந்துட்டாக. எனக்குக் காரியம் முடிச்சாச்சாம், இனி நான் அந்த வாசப்படிய மிதிச்சா புள்ளைக்கு ஆகாதுன்னாக. யாரு சொன்னதுன்னு எங்கப்பா கேட்டாரு. சந்தையில ஒரு பையன் சொன்னான்னாக. அதுக்கு மேல கேக்க விடல."

காரியம் செய்து முடித்தவர் வீட்டுக்குள் வந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அதை மீறி உள்ளே வரத் துணியாத மனுஷனை என்னவென்று திட்டுவது? அவரைப் புதைத்த சரிவில் இப்போது தேயிலை நிற்கிறது. ஒரு சில்வர் ஓக் மரத்தை அந்த அம்மாள் காட்டினார். அதன் அடியில் மண் எடுத்து, கையிலிருந்த துண்டுத்துணியில் முடிந்துகொண்டேன். ஜீப்பில் வரும் வழியெல்லாம் அழுதேன். கணவர் ஏலக்காய்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டு வாசலில் அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். புதைகுழி மண்ணை வீட்டுக்குள் எடுத்துப் போகக் கூடாதென்று முடிச்சை வெளிச்சுவர் மேலேயே வைத்தேன். இந்தாங்கப்பா மண்ணு என்று சொல்லி அங்கேயே விட்டிருக்க வேண்டும். அவர் அடுத்த அமாவாசைக்கு அதை ஆற்றில் விட்டு நிம்மதியாகியிருப்பார். தன் அப்பா தேடி வந்தார் என்று தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். வாய்க்காலிலிருந்து சந்தைப் பையன் வரை ஒன்று விடாமல் கொட்டினேன்.

அப்பா ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு, "அந்தப் பையன் மொட்டத் தலையாமா?" என்றார்.

"அதெல்லாம் அந்தம்மா சொல்லலீங்கப்பா. ஏனுங்க?"

"சந்தையில தாடி வெச்ச ஆளொருத்தரு. கடல உருண்ட வாங்கிக் குடுத்து, நீ ஆரூட்டுப் பையன்னு கேட்டாரு. சொன்னேன். எங்கய்யன் செத்துப்போச்சுங்க, காரியமெல்லாம் நாந்தான் பண்ணுனேன், பாருங்கன்னு குனிஞ்சு தலயக் காட்டுனேன். தடவிப் பாத்தாரு. பொறகு பொள்ளாச்சி பஸ்ஸு வந்துது, ஏறிப் போயிட்டாரு." அப்பாவின் கை தானாகவே அவர் தலைக்குப் போனது. "பெருமையாச் சொன்னேன் கண்ணு."

அது வேறு யாராவது பையனாக இருக்கும் என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு தானாக எழுந்தார். சுவரைப் பற்றிப் பற்றி நடந்து போய் மண் முடிச்சை எடுத்தார்.

"அப்பா, அத உள்ள கொண்டு போகக் கூடாதுங்க. ஆத்துக்குத்தான கேட்டீங்க?"

"ஆத்துக்கு வேண்டாம். அவரு ஊட்டுக்கு வரத்தான அத்தன தூரம் வந்தாரு" என்றார். முடிச்சை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, வாசல்படியில் கால் தூக்கி வைக்க முடியாமல் நின்றார். நான் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து உள்ளே ஏற்றிவிட்டேன்.