ரோசலி டீச்சரின் அரை மணி நேர பேட்டரி

ரோசலி டீச்சர் அன்று மாலை வரத் தாமதமானபோது எனக்குக் கோபம்தான் வந்தது. நேரம் தவறுவது எனக்குப் பிடிக்காது என்பது அவருக்குத் தெரியும். வாசலில் நின்றிருந்தபோது கைப்பேசி ஒலித்தது. அவருடைய மருமகள். "ஆன்ட்டி, அத்தை மத்தியானம் படுத்தவங்க எந்திரிக்கலைங்க" என்றாள். "எழுந்ததும் பேசச் சொல்" என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் அவள் என்ன சொன்னாள் என்பது புரிந்தது.

நம் பள்ளியில் அவர் இயற்பியல், நான் ஆங்கிலம். ஆசிரியர் அறையில் பணிக்காலம் முழுவதும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். கடைசிவரை ஒருவருக்கொருவர் 'டீச்சர்'தான்; பெயர் சொல்லி அழைத்ததில்லை. ஓய்வுபெற்றதும் மகனிடம் சொல்லி அவர் ஒரு மெட்டல் டிடெக்டர் வரவழைத்துக்கொண்டார். காதில் ஹெட்போன், சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. ஏரியூர் வரை போய்க் கேழ்வரகுக் கொல்லைகளில் மூக்குத்தியும் கொலுசும் தேடிக் கொடுத்தார். அவரிடம் படித்த உங்களில் பலர் அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். அவரும் கூடவே சிரித்திருப்பார்.

கடலை அறுவடையின்போது, அதியமான்கோட்டையில் எங்கள் கொல்லையில் என் திருமண மோதிரம் விரலிலிருந்து நழுவிவிட்டது. என் கணவர் சர்ச்சில் போட்டது. அவர் போன பிறகும் நான் கழற்றாதது. எலுமிச்சை மரத்தடியில் உட்கார்ந்து கடலைக்காய் பறித்தேன் என்று ரோசலி டீச்சரிடம் முதல் நாளே சொன்னேன். "அதைக் கடைசியில பாத்துக்கலாங்க" என்று அவர் எதிர்மூலையில் ஆரம்பித்தார். விஞ்ஞானம் படித்தவர், ஏதோ முறை இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

பக்கத்துக் கொல்லை முனியப்பன் வரப்பில் வந்து நின்றார். "ஏனுங்க டீச்சரம்மா, பொதையல் கெடச்சா எங்களுக்கும் பங்கு உண்டுங்களா?"

"உண்டுங்க. இதுவரைக்கும் கெடச்ச ஆணியெல்லாம் உங்களுக்குத்தான். பை கொண்டாந்தீங்களா?"

அரை மணி நேரம் போனதும், "உசுரு போச்சுங்க டீச்சர்" என்று கருவியை அணைத்துவிடுவார். பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டது. வீட்டுக்குக் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றித்தான் மறுபடி எடுத்து வர வேண்டும். செல்லை மாற்ற முடியாத கருவியை யாராவது வாங்குவார்களா என்று நான் கடிந்துகொள்வேன். என் கணவரின் ரேடியோவுக்குக்கூடக் கடையில் செல் வாங்கிப் போடலாம்.

"உள்ளயே வெச்சு மூடிட்டானுங்க. நம்மள மாதிரிதான். களைச்சா வூட்டுக்குப் போய்ப் படுக்கணும்" என்பார். ஆனால் வீட்டுக்குப் போக மாட்டார். காபி குடித்தபடி, போன ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் முதல் என் ரசத்தில் புளி அதிகம் என்பது வரை, இருட்டும்வரை என்னோடு வாதாடுவார். இப்படி வேலை செய்தால் மோதிரம் எப்போது கிடைக்கும் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். "தேடறது வேற, கெடைக்கறது வேறங்க. ரெண்டையும் ஒரே நாள்ல முடிக்கணுமா?" என்றார்.

அடக்கத்துக்குப் பிறகு மருமகள் கருவியை என்னிடம் கொண்டுவந்தாள். என் மோதிரம் இன்னும் மண்ணில்தானே இருக்கிறது என்றாள். "பேட்டரியைச் சரிசெய்தீர்களா?" என்று கேட்டேன்.

அவள் விழித்தாள். "அதுக்கென்னங்க ஆன்ட்டி? நல்லாத்தான இருக்குது. அத்தை காலையில ஏரியூர் போனா பொழுது சாயற வரைக்கும் தேடுவாங்க. சார்ஜ் மிச்சம் இருக்கும். உங்க வூட்டுக்கு வர்றப்பதான் தலை சீவி, பவுடர் போட்டுக்கிட்டு கெளம்புவாங்க."

அவள் போனதும் நேராக எலுமிச்சை மரத்தடிக்குப் போனேன். ஹெட்போனை மாட்டத் தெரியவில்லை. கருவி வெளியே கத்தியது. மேல்மண்ணைத் தள்ளியதும் மோதிரம் தெரிந்தது. நான் சொன்ன இடம்தான். இயற்பியல் டீச்சருக்கு இது தெரியாமலா எதிர்மூலையில் ஆரம்பித்தார்?

யாரிடம் கேட்பது? உங்களில் யாரிடமாவது அவர் சொல்லியிருந்தால் எனக்குத் தெரிவியுங்கள். தனியாக இருக்கிறாள், பாவம் என்று எனக்காக வந்தாரா? அப்படியென்றால் எனக்குக் கோபம் வருகிறது; நான் யாரிடமும் குறை சொன்னவள் அல்ல. அல்லது ஆட்கள் நிறைந்த அந்த வீட்டிலிருந்து அவருக்குத்தான் வர வேண்டியிருந்ததா? அப்படியென்றால் என்ன நினைப்பதென்றே தெரியவில்லை.

மோதிரம் என் விரலில் இருக்கிறது. அவர் எனக்கு விட்டுப்போனது அது அல்ல. ஐந்து மணிக்கு மேல் இருட்டும்வரை ஒரு பொழுது இருக்கிறது. அவர் வருவதற்கு முன்பு அப்படி ஒன்று இருந்ததாகவே எனக்கு நினைவில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.