மெஷினுக்குத் தைத்த உறை

என் கணவர் மயிலாடியில் சிலை கொத்துகிற வேலை பார்த்தவர். கல்தூசி கொஞ்சம் கொஞ்சமாக நெஞ்சில் படிந்து, இப்போது வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருக்கிறோம். கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டளவு உயரத்துக்கு ஒரு மெஷின். அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பும்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரைக் கூட்டி வந்த அன்றே அவருடைய அக்கா வந்துவிட்டார். எனக்கு மைனி. எங்கள் வீட்டில் மைனி பேசுவார், மற்றவர்கள் கேட்பார்கள். நான் யார் முகத்துக்கு நேராகவும் எதிர்த்துச் சொல்லிப் பழகாதவள்.

"எந்தம்பிய தின்னது தூசிதான். இனி ஒரு பொட்டு தூசி இந்த ரூமுக்குள்ள கேறப்பிடாது" என்று மைனி ஜன்னல்களையெல்லாம் அடைத்தார். கதவிடுக்கில் பழைய சேலையைச் செருகினார். டி.வி.க்கும் மிக்ஸிக்கும் தைப்பதுபோல மெஷினுக்கும் ஓர் உறை தைத்தார். நல்ல கனத்த சிவப்பு வெல்வெட், அடியில் மஞ்சள் ஜாலர். குழாய்க்கு மட்டும் ஒரு ஓட்டை. பார்க்க வந்தவர்கள் மெஷினைத்தான் முதலில் மெச்சினார்கள்.

சில நாள் கழித்து மெஷின் கூவத் தொடங்கியது. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும். பிறகு மறுபடி கூவும்.

ஒரு காலையில் கூவல் நிற்கவே இல்லை. அவர் விரலில் மாட்டியிருந்த கருவியில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. அவசரத்துக்கு வைத்திருந்த சின்ன சிலிண்டருக்குக் குழாயை மாற்றினேன். அது மதியம்வரைகூடத் தாங்காது.

"ஆம்புலன்ஸ விளி" என்றார் மைனி.

"வேண்டாம். அங்க போனா நான் திரும்பி வரமாட்டேன்" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியில் வலுவே இல்லை.

போனில் பேசுவதென்றாலே எனக்கு நடுக்கம். ஆனாலும் மெஷின் கொடுத்த கடையின் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன்.

"யக்கா, மெஷினுக்க பின்பக்கம் கைய வச்சுப் பாருங்க. சுடுதா?"

வைத்தேன். சுட்டது. வெல்வெட் உள்ளே இழுபட்டு, கம்பி வலையோடு ஒட்டிப்போயிருந்தது.

"துணி ஒட்டியிருக்கு தம்பி."

"என்ன துணி?"

"உறை. வெல்வெட்டு."



"யக்கா, அது காத்து இழுக்க எடம். நம்ம மூக்க ஒருத்தன் தலவாணி வச்சு அமுக்கினா எப்பிடி இருக்கும்? அணச்சுட்டு, உறைய எடுங்க. உள்ள ஒரு பஞ்சு உண்டும், அத கழுவி நல்லா காய வச்சு மாட்டுங்க. சொவர ஒட்டி வைக்காதீங்க. ஜன்னலு தெறந்திருக்கா?"

நான் உறையில் கை வைத்ததும் மைனி குறுக்கே வந்தார். "தொடாத ஏட்டி! தூசி கேறிராதா?"

"தள்ளுங்க மைனி! தூசியும் வராம காத்தும் வராம அடச்சு வச்சா, அவிய எதத்தான் இழுப்பாவ?"

சொன்னது நான்தான் என்பது எனக்கே பிறகுதான் உறைத்தது. மைனி நகர்ந்துவிட்டார்.

தெருப்பக்கம் கல்பட்டறை இருப்பதால் அந்த ஜன்னலை விட்டுவிட்டு, தென்னந்தோப்புப் பக்கம் இருந்ததைத் திறந்தேன். பஞ்சைக் கழுவியபோது சிவப்பு நூல்பிசிறு உருண்டையாக வந்தது. துண்டில் அழுத்திப் பிழிந்து, வெயிலில் வைத்துக் காவல் இருந்தேன். சிலிண்டர் முள் கீழே வந்துவிட்டது. காய்ந்த பஞ்சை மாட்டி சுவிட்சைப் போட்டேன். முதலில் சிவப்பு விளக்குதான் எரிந்தது. மைனி முணுமுணுவென்று சாமியைக் கூப்பிட்டார். பிறகு விளக்கு பச்சையானது. கூவல் இல்லை. குழாயை மாற்றினேன். விரல் கருவியில் எண் ஒவ்வொன்றாக ஏறியது. அவர் தோள் மேலும் கீழுமாக இழுப்பது அடங்கியது.

"ஏட்டி, ஒனக்கு இம்புட்டு சத்தம் உண்டுமா? இத்தன வருசமா எங்க வச்சிருந்த?" என்று அவர் கேட்டார். இடையில் நிறுத்தாமல் முழுதாகக் கேட்டார்.

அன்று மதியம் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, தன் கையாலேயே சோறு பிசைந்து, மீன் முள்ளை எடுத்துத் தின்றார். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவும்போது மைனி வெளியே நின்று தன் மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆம்புலன்ஸு ஒண்ணும் வேண்டாம் மக்கா. ஒங்க அத்த ஒரு அதட்டு அதட்டினா பாரு, மெஷினு பயந்து ஓடத் தொடங்கிட்டு."