கவ்வாத்து மலையில் நான் அழித்த பக்கம்

பிள்ளைகளே, நீங்கள் ஆளுக்கொரு இடத்தில் இருந்துகொண்டு போனில் ஒரே பக்கத்தை எழுதுகிறீர்கள். உங்களுக்கு அது சாதாரணம். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்ட எனக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதனால் வந்த வினையைத்தான் சொல்கிறேன்.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குள் சிக்னல் வராது. மேல் மலைக்கு ஏறினால்தான் வரும். அதனால் மகள் சாயங்காலமே பாடத்தைப் போனில் எழுதி வைத்துவிடுவாள். காலையில் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு மலைக்கு வேலைக்குப் போகும்போது போன் என் சட்டைப் பையில் வரும். மேலே ஏறியதும் ஒரு சத்தம் போடும். எழுதியது போய்விட்டது என்று அர்த்தம்.

அவள் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து நம்ம ஆற்றுத் தண்ணீரைப் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். சிக்னல் இல்லாதவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று முதலில் ஒருத்தரும் மகளைச் சேர்க்கவில்லை. கெஞ்சிக் கேட்டுத்தான் சேர்ந்தாள். அந்தச் சனிக்கிழமை நாலு மணிக்கு டீச்சர் கட்டுரையைப் பார்ப்பதாக இருந்தது. மகள் தங்கச்சியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் நின்றாள். போனைக் கொடுக்கும்போது, "போயிருச்சான்னு ஒரு தடவ தொறந்து பாருங்கப்பா" என்றாள்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டுத் தேத்தண்ணி குடிக்க உட்கார்ந்தபோது திறந்தேன். மகள் எழுதியது இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் வேறு யாரோ எழுதியதும் இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு எழுத்தாகத் தானாக வந்து விழுந்தது. அது மகள் மட்டும் எழுதுகிற கொப்பி என்றுதான் நினைத்திருந்தேன். யாரோ போனுக்குள் புகுந்து பிள்ளையின் பாடத்தைக் கெடுக்கிறான் என்று, அவள் எழுதியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அழித்தேன். தேத்தண்ணி ஆறிப்போனது.

கொஞ்ச நேரத்தில் போன் விடாமல் சத்தம் போட்டது. யார் அழித்தது என்று ஆறு பேரின் குரூப்பில் ஒரு பிள்ளை கேட்டிருந்தது. இன்னொரு பிள்ளை மகளின் பேரைப் போட்டு, 'நீதான்னு காட்டுது. இதுக்குத்தான் ஒன்ன சேக்க வேணாம்னு சொன்னேன்' என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது ஆறு பேரும் சேர்ந்து எழுதுகிற பக்கம், நான் அழித்தது மற்றப் பிள்ளைகள் எழுதியதை. பக்கத்தில் இருந்த மச்சானிடம் சொன்னேன். "கவ்வாத்துக் கத்திய போன்லயும் போட்டுட்டீங்களா மச்சான்?" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கீழே மகளுக்கு ஒன்றும் தெரியாது. செய்யாத குற்றத்துக்குத் திங்கட்கிழமை வகுப்பில் தலைகுனிந்து நிற்கப் போகிறாள்.

கங்காணியிடம் சொல்லிவிட்டு டீச்சருக்குப் போன் எடுத்தேன். டீச்சர் யாழ்ப்பாணத்து ஆள். நான் உளறியதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"ஒண்டும் போகேல்லை ஐயா. பழையபடி எடுக்கலாம். ஆனா அழிச்சது பிள்ளையெண்டுதான் அதில காட்டும். நீங்களே மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லுங்கோ."

டீச்சர் சொன்ன இடங்களைத் தொட்டதும் எல்லாம் திரும்பி வந்தது. அதற்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி நான் எழுதினேன்: 'அழித்தது மகள் இல்லை. நான் அவளுடைய அப்பா. இது அவள் கொப்பி என்று நினைத்துவிட்டேன். அவளை ஒன்றும் சொல்லாதீர்கள்.'

வெட்டவும் கை ஓடவில்லை, பதில் வந்ததா என்று போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் மகளைக் குற்றம் சொன்ன அந்தப் பிள்ளைதான் எழுதியது: 'சரி அங்கிள். நீங்க எழுதினதையும் அழிச்சிருங்க, டீச்சர் கட்டுரைன்னு நெனச்சிருவாங்க.'

அழித்தேன். அந்த ஒன்றை மட்டும் அழிக்கிறேனா என்று நாலு தடவை பார்த்த பிறகுதான் அழித்தேன்.

வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மகளிடம் சொன்னேன். அவள் போனை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை போனை என் கண்ணில் படவே விடவில்லை. திங்கட்கிழமை வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வந்தேன். அடுத்த கட்டுரைக்கும் தன்னையும் சேர்த்து அதே ஆறு பேர்தான் என்று மகள் அம்மாவிடம் சொல்வது காதில் விழுந்தது.

மறுநாள் காலையில் போனை அவளே என் பையில் வைத்தாள்.

"தொறக்க வேணாம்பா. சத்தம் மட்டும் கேட்டுக்குங்க."