பாங்கு சொன்னா எழுப்புங்க

இதை எழுத எனக்கு நான்கு வருடம் பிடித்தது. கொப்பியில் எழுதுவேன், வெட்கம் வந்து கிழித்துவிடுவேன். போன கிழமை மகளே சொன்னாள்: "எழுதுங்க உம்மா. ஆனா என்ன நல்லவளாக்கி எழுதாதீங்க." அதற்குப் பிறகுதான் துணிவு வந்தது.

கொரோனா காலத்தில் பாடசாலைகள் திறப்பதும் மூடுவதுமாக இருந்தன. நாங்கள் சாய்ந்தமருதில் இருக்கிறோம். மகள் அப்போது தரம் பத்து, பெண்பிள்ளைகள் மட்டும் படிக்கும் வகுப்பு. கணித டீச்சர் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஸூமில் இலவசமாகப் படிப்பிப்பார். நோன்பு விடுமுறையிலும் அவர் நிறுத்தவில்லை. மகளுக்குத் தனியாக ஃபோன் இல்லை, என்னுடையதில்தான் படிப்பாள்.

அந்த டீச்சர் வெளியில் முகம் மூடிப் போகிறவர். பிள்ளைகளுக்காக மட்டும் முகத்தைத் திறந்து படிப்பித்தார். வீட்டு ஆண்கள் பார்க்காத இடத்தில் இருந்து படிக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார். வகுப்பு தொடங்கினால் நான் என் கணவரை முன் ஹோலுக்கு அனுப்பிவிடுவேன். குசினியில் சமையல் வேலையாக இருக்கும் எனக்கு டீச்சரின் குரல் நல்ல பழக்கம். முகத்தை நான் பார்த்ததில்லை.

நோன்பு பத்தோ பன்னிரண்டோ இருக்கும். என் வட்ஸ்அப்பில் ஒரு புது ஸ்டிக்கர் கிடந்தது. கண் மூடி, வாய் கொஞ்சம் திறந்தபடி ஒரு பெண். கீழே "பாங்கு சொன்னா எழுப்புங்க" என்று எழுதியிருந்தது. நோன்பு திறக்கப் பள்ளியில் பாங்கு சொல்லும்வரை தூங்குகிறவர்களுக்கான கேலி. எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அந்த நேரம் பார்த்து, பொத்துவிலில் இருக்கும் என் தம்பி குடும்பக் குழுவில், "என்ன, ஒருத்தர்ர சத்தத்தையும் காணல்ல?" என்று கேட்டிருந்தான். பதிலாக அந்த ஸ்டிக்கரைப் போட்டேன்.

"ராத்தா, இது ஆரு, உங்கட மாமியா?" என்று தம்பி கேட்டான். குழுவே சிரித்தது. அது யார் என்று நான் மகளிடம் கேட்கவில்லை. இன்டர்நெற்றில் வந்த யாரோ என்று நினைத்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். நினைத்துப் பார்க்கவே இல்லை. என் மகளின் படத்தை யாராவது அப்படிப் போட்டிருந்தால் சும்மா இருந்திருப்பேனா?

பெருநாளன்று உம்மாவின் தங்கை, சாச்சி, தன் ஃபோனில் அதே ஸ்டிக்கரைக் காட்டினார். "இத முதல்ல போட்டது நான்தான்" என்று பெருமையாகச் சொன்னேன்.

பாடசாலை திறந்த கையோடு பெற்றோரை வரச் சொல்லிக் கடிதம் வந்தது. போனேன். அதிபர், ஒழுக்காற்றுக் குழுவில் இரண்டு ஆசிரியர்கள், ஒரு ஓரத்தில் முகம் மூடிய ஒரு டீச்சர். மகள் தலைகுனிந்து நின்றாள். மேசையில் ஒரு கடதாசி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

"டீச்சர்ர முகத்த ஸூம்ல புடிச்சி, 'பாங்கு சொன்னா எழுப்புங்க' எண்டு எழுதி ஸ்டிக்கர் செஞ்சிரிக்கா, உங்கட மகள்" என்று சொல்லி, அதிபர் கடதாசியைத் திருப்பப் போனார்.

"திருப்பாதீங்க சேர்" என்றார் அந்த டீச்சர்.

என் குசினிக்குள் தினமும் கேட்ட குரல்.

அதிபர் மகளிடம் கேட்டார்: "கூட்டாளிக்கு அனுப்பினது ஒரு பிழை. ஊருக்கெல்லாம் விட்டது ஆரு?"

"நான்தான் சேர்" என்றாள் மகள். அவள் அனுப்பியது ஒரே ஒரு கூட்டாளிக்கு. ஊருக்கு விட்டது நான் என்று, என் ஃபோனையே பாவிக்கிற அவளுக்குத் தெரியும்.

பாடசாலையிலிருந்து விலக்கி விடுகைப் பத்திரம் கொடுப்பதாகத் தீர்மானம் என்றார்கள். அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சை. பேனையை என் பக்கம் தள்ளினார்கள். உண்மையைச் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டு எழும்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நான் பெண்கள் மஜ்லிஸில் குர்ஆன் ஓதிக் கொடுக்கிறவள். என்னைப் பற்றி என்ன கதைப்பார்கள்? என் பெயரின் முதல் எழுத்தை எழுதியும் விட்டேன். பிறகு பேனையைக் கீழே வைத்தேன்.

"சேர், ஊருக்கு விட்டது இவள் இல்ல. நான். எங்கட குடும்பக் குழுவில போட்டன்."

குழுவில் இருந்த மூத்த ஆசிரியர், "அப்ப ஆருக்கு விடுகைப் பத்திரம் எழுதுற? மகளுக்கா, உம்மாக்கா?" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை.

டீச்சர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்கட குழுவில ஆம்பிளையளும் இரிக்காங்களா?"

"ஓம் டீச்சர்."

"நான் அண்டைக்குத் தூங்கல்ல. கதைக்கக்குள்ள கண் மூடித் திறந்த நேரம் புடிச்சிரிக்கி. ஊரெல்லாம் என்னத் தூங்குமூஞ்சி எண்டு சொன்னாலும் பரவால்ல. புள்ளையளுக்கு மட்டும் எண்டுதானே முகத்தத் திறந்தன்?"

அழுதுகொண்டே மாப்புக் கேட்டேன். டீச்சர் அதிபரிடம், "அவ பரீட்சைய எழுதட்டும் சேர். விடுகைப் பத்திரம் வேணாம்" என்றார். என்னிடம், "மாப்பு நான் தாறன். அத அழிக்கிற வேல உங்கட" என்றார்.

மகளுக்கு இரண்டு கிழமை வகுப்புத் தடை. மாணவத் தலைவிச் சின்னத்தையும் கழற்றி வாங்கினார்கள். அவள் செய்ததற்கு அது சரிதான். உம்மாமாருக்குக் கொடுக்க அவர்களிடம் தண்டனை எதுவும் இருக்கவில்லை.

அன்றே குடும்பக் குழுவில் நடந்ததை எழுதினேன். பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, யாருக்கு அனுப்பினீர்கள் என்று விசாரித்து, அவர்களையும் கூப்பிட்டேன். சிலர் உடனே அழித்தார்கள். சிலர், "இதெல்லாம் ஒரு விசயமா?" என்று சிரித்தார்கள். கல்முனைக்குடி, மருதமுனை என்று ஆளுக்கு ஆள் தேடிப் போய், ஒரு கட்டத்தில் எனக்கு வழி தெரியாமல் போயிற்று.

டீச்சர் வகுப்பை நிறுத்தவில்லை. ஆனால் கெமராவைத் திறக்கவே இல்லை. மிச்சப் பாடம் முழுவதையும் என் மகள் கறுத்துக் கிடந்த ஒரு திரையைப் பார்த்துத்தான் படித்தாள். கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தாள், அல்ஹம்துலில்லாஹ்.

இப்போதும் நோன்பு வந்தால் எங்கிருந்தாவது அந்த ஸ்டிக்கர் என் ஃபோனுக்கு வந்துவிடுகிறது. டீச்சர் மாப்புத் தந்துவிட்டார். ஆனால் அது யாரோ ஒருவரின் ஃபோனில் இருக்கும்வரை என் பாவமன்னிப்பு, என் தவ்பா, முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நான் எழுதிய இதை யாருக்காவது அனுப்புகிறவர்கள் என் பிழையைக் குறைக்காமல், ஒரு சொல்லும் கூட்டாமல், இப்படியே அனுப்புங்கள். அந்த முகம் போய்ச் சேர்ந்த வீடுகளுக்கெல்லாம் இதுவும் போய்ச் சேர வேண்டும்.