நாலு குழாய்க்கும் ஒரே கறுப்பு

இன்று மத்தியானம் கொட்டாஞ்சேனையில், உலோகத்துக்கு நிறம் போடும் பட்டறைக்குப் போனேன். பையில் பெயின்ட்பால் துப்பாக்கிகளின் குழாய்கள் நாலு. சாயக்குண்டு அடிக்கிற விளையாட்டுச் சாமான்தான், யாரும் பதறவேண்டாம்.

எடுக்காமல் வைத்த இடத்திலேயே கறுப்புப் பூச்சு திட்டுத்திட்டாக உரிந்திருந்தது.

பட்டறைக்கார அண்ணை ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"இது எவர்சில்வர் தம்பி. மேலால அடிச்சா நிக்காது. பழசை முழுக்க மணலடிச்சுக் கழட்டிப்போட்டுத்தான் புதுக் கறுப்பு அடிச்சு, சூளையில வைக்கோணும்."

"நாலையும் செய்யுங்கோ அண்ணை."

"பெரிய டீம் போல!"

"ஓம்" என்றேன்.

ஒன்றுதான் என்னுடையது. மற்ற மூன்றும் கனடாவுக்கும் லண்டனுக்கும் மெல்பேர்னுக்கும் போன கூட்டாளிகளுடையவை. "வச்சிரு மச்சான், வந்து விளையாடுவம்" என்று ஆளுக்கொன்றாகத் தந்துவிட்டுப் போனார்கள்.

"ஆருடையது எது எண்டு அடையாளம் போட்டுத் தாங்கோ" என்றார் அண்ணை. "கறுப்பு அடிச்சா எல்லாம் ஒரே மாதிரி. பிறகு உங்களுக்குள்ள சண்டை வரும்."

"சண்டை வராது அண்ணை."

அவர் என்னை மரியாதையோடு பார்த்தார். "அவ்வளவு ஒற்றுமையோ!"

சனிக்கிழமை நாலும் புத்தம்புதிதாக வீட்டுக்கு வந்துவிடும். வெள்ளவத்தைப் பக்கம் யாராவது மிச்சம் இருந்தால் கீழே கொமென்ட்டில் சொல்லுங்கள். "இது என்ரை" என்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு என்னோடு சண்டை பிடிக்க ஓர் ஆள் வேண்டும்.

விளையாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.