மூன்று வரி விடை

ஆங்கிலப் பாடத்துக்குக் கைடு எழுதுவதுதான் அவருக்குப் பிழைப்பு. அட்டையில் அவர் பெயர் இருக்காது. 'அனுபவமிக்க ஆசிரியர் குழு' என்று போட்டிருக்கும். அந்தக் குழு மொத்தமும் அவர் ஒருவர்தான். அச்சகத்தின் பின்கட்டில், பேப்பர் கட்டுகளுக்கு நடுவே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, ஊர்ப் பிள்ளைகள் யோசிக்க வேண்டியதையெல்லாம் அவரே யோசித்து அவரே விடை எழுதினார். இறந்தகால வாக்கியத்தை எதிர்காலமாக்குவார், எதிர்ச்சொல் கொடுப்பார், கோடிட்ட இடங்களை நிரப்புவார். கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் 'கைடு' என்றே கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

கவிதை வந்தால் மட்டும் முதலாளி ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

"மூணு வரிக்கு மேல போகாதீங்க சார். கடைசி வரி நல்லதா முடியட்டும். அழுமூஞ்சிப் பதிலை எந்தப் பிள்ளை மனப்பாடம் பண்ணும்?"

இவரும் தலையாட்டுவார். எந்தக் கவிஞர் எந்தத் துக்கத்தில் என்ன புலம்பியிருந்தாலும், இவர் கைக்கு வந்தால் மூன்றாம் வரியில் தேறிவிடுவார். அப்படி எத்தனை பேரைத் தேற்றியிருப்பாரோ, அவருக்கே தெரியாது.

சொந்த வீட்டில் அந்த வித்தை பலிக்கவில்லை. மனைவி காய்ச்சல் என்று படுத்தாள், ஆஸ்பத்திரிக்குப் போனாள், திரும்பி வரவேயில்லை. அதற்குப் பிறகு எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வாயைத் திறப்பதே அபூர்வமாகிவிட்டது. எதைக் கேட்டாலும் ஒரு 'ஆமாம்', இல்லாவிட்டால் ஒரு 'இல்லை', அவ்வளவுதான். இவருக்கோ அவளிடம் அம்மாவைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று தெரியவில்லை. எடுத்தால் தானே உடைந்துபோவோம் என்று பயம். தானாகச் சரியாகிவிடுவாள் என்று தள்ளிப்போட்டார். தள்ளிப்போட்டதில் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அந்த வீட்டில் குக்கர் விசில்தான் அதிகம் பேசியது.

ஒருநாள் சாயங்காலம் அவள் தானாகவே வீட்டுப்பாட நோட்டோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

"அப்பா, இந்தக் கவிதையைப் படிச்சிருக்கீங்களா?"

கணவனை இழந்த ஒருத்தியைப் பற்றிய கவிதை. சாப்பாட்டு வேளையில் பழக்கதோஷத்தில் இரண்டு தட்டு வைத்துவிடுகிறாள். வைத்ததை எடுக்கவும் மனம் வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை. சாப்பாடு ஆறிப்போகிறது. அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் மனநிலை என்ன என்பது கேள்வி.

மகள் சொந்தமாக எழுதியிருந்தாள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறினாலும் சொல்ல வந்தது புரிந்தது. அந்தப் பெண்ணுக்குக் கோபம். தட்டின் மேல் கோபம், விட்டுப் போனவர் மேலும் கோபம். யாராவது அவர் பெயரைச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிறாள். யாரும் சொல்வதில்லை.

அதன் மேல் குறுக்காகச் சிவப்புக் கோடு. கீழே டீச்சரின் கையெழுத்தில்: கைடைப் பார்த்துச் சரியான விடையை ஐந்து முறை எழுதி, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரவும்.

மகள் கைடைப் பிரித்து வைத்தாள். அவர் எழுதிய மூன்று வரி. 'அப்பெண் தன் இழப்பைத் துணிவுடன் ஏற்றுக்கொள்கிறாள். இனிய நினைவுகள் அவளுக்குத் துணையாக உள்ளன. இறுதியில் அவள் மன அமைதி பெறுகிறாள்.' இதை எழுதும்போது டீ குடித்துக்கொண்டிருந்தது அவருக்கு ஞாபகம் இருந்தது. கவிதையைக் கடைசிவரை படித்தாரா என்பதுதான் ஞாபகமில்லை.

"இது நீங்க எழுதினதுதானே?"

"ஆமாம்மா."

"நிஜமாவே அவ அமைதியாயிட்டாளாப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எழுதியது சும்மா, நீ எழுதியதுதான் சரி, எனக்கும் கோபமாகத்தான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வார்த்தை தொண்டைவரை வந்தது. கூடவே அழுகையும் வந்தது. அழுகைக்குப் பயந்து வார்த்தையையும் சேர்த்து விழுங்கிவிட்டார் மனுஷன்.

"பரீட்சையில இப்படி எழுதினாத்தாம்மா மார்க் போடுவாங்க. எழுதிடு."

அவள் குனிந்து ஐந்து முறை எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்கா வந்திருந்தாள். வாய் ஓயாதவள், ஆனால் மனசு தங்கம். சாப்பிட்டு முடித்ததும் மகளை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு வருஷமாக அந்த வீட்டில் யாரும் கேட்காததைக் கேட்டேவிட்டாள்.

"அம்மா ஞாபகம் வருதாடி கண்ணு? அத்தைகிட்ட சொல்லு."

மகள் அத்தையைப் பார்க்கவில்லை; அவரைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டு, வகுப்பில் ஒப்பிக்கிற குரலில், அந்த மூன்று வரியையும் ஆங்கிலத்தில் சொன்னாள். 'அப்பெண்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'நான்' என்று மாற்றிச் சொன்னாள். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

"அம்மாடி! என்னமா இங்கிலீஷ் பேசுது!" அக்காவுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, பூரித்துப்போய் அவள் கன்னத்தைக் கிள்ளினாள். "உன்னை மாதிரியே வந்திருக்காடா தம்பி. என்ன சொன்னா? எனக்கும் சொல்லேன்."

மகள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"நல்லா இருக்காளாம்க்கா," என்றார்.

மகள் எழுந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு எந்தப் பாடத்திலும் அவள் அவரிடம் சந்தேகம் கேட்டதில்லை.