முனியாண்டி கல்லடியில் நான் புதைத்த ஓடுகள்

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. மலையில் மண் வெட்டும்போது பழைய சட்டி, பானை ஓடு எது கிளம்பினாலும் தூக்கி எறிய மாட்டோம். கொண்டுவந்து முனியாண்டி காலடியில் புதைத்துவிடுவோம். மேல்மலையில் தண்ணீர் வடியக் கான் வெட்டியபோது கிடைத்த கறுப்பும் சிவப்புமான ஓடுகளை நான்தான் அங்கே புதைத்தேன்.

போன வருஷம் ஆராய்ச்சி செய்கிறேன் என்று ஒருவர் வந்தார். கல்லடியைத் தோண்டி அந்த ஓடுகளை எடுத்துப் படம் பிடித்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். படித்தவர்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அவரும் எதையும் கேட்கவில்லை.

இந்த வருஷம் அரசாங்கக் கந்தோரிலிருந்து அதிகாரிகள் வந்து லயத்தைச் சுற்றி அளந்தார்கள். லயத்துக்குக் கீழே பழங்காலத்து இடுகாடு இருக்கிறதாம். கல்லடியில் எடுத்த ஓடுகளை வைத்து அவர் எழுதியது ஆராய்ச்சிப் பத்திரிகையில் வந்துவிட்டதாம். எல்லாரும் கிளம்ப வேண்டிவரும் என்றார்கள். எங்கே போவதென்று சொல்லவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் காம்பரா அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன்.

“அடப்பாவி, அன்னைக்கு வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?” என்றார். அவரே தன் மகளுக்குத் தெரிந்த, தொல்லியல் படிப்பிக்கும் மிஸ் ஒருவரை வரவழைத்தார்.

மிஸ்ஸை மேல்மலைக் கானுக்குக் கூட்டிப்போனேன். கான் கரையில் இன்னும் ஓடுகள் ஒட்டியிருந்தன.

“அந்தப் பத்திரிகை காசு கட்டினா எதையும் போடும் அண்ணே. தெரிஞ்சவங்க யாரும் வாசிச்சுச் சரிபார்க்கிறதில்ல.”

“அப்ப யாரும் நம்ப மாட்டாங்கதானே மிஸ்?”

“எங்க தொல்லியல் ஆளுங்க நம்ப மாட்டாங்க. கந்தோர்ல நம்புறாங்களே. நான் மறுத்து எழுதினா நல்ல பத்திரிகைல வர ஒரு வருஷம் ஆகும்.”

கட்டுரையை நீக்கச் சொல்லி மிஸ் அந்தப் பத்திரிகைக்கு எழுதினார். மறுநாளே பதில் வந்தது. போனில் எங்களுக்குத் தமிழில் சொன்னார்: தங்கள் கடிதம் மிகச் சிறந்த ஆய்வு, பணம் கட்டினால் மூன்றே நாளில் அதையும் வெளியிடுகிறோம்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அச்சில் இருப்பதை யாரோ ஒருவர் வாசித்துப் பார்த்துத்தான் போட்டிருப்பார் என்று நம்பி வளர்ந்தவன். அங்கே ஆளே இல்லையென்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

நாளைக்குக் கந்தோருக்குப் போகிறோம். மிஸ் பேசினால் மட்டும் போதாதாம், புதைத்தவனே வாய் திறந்து சொல்ல வேண்டுமாம். காலையிலிருந்து சுவரைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறேன். இரண்டாவது வரியில் தடுமாறி, மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.